நப்கின்கள் காய்ந்துவிட்டன, சம்பந்தி அம்மா

சிவமயம்

அம்பிட்டிய,
கண்டி.

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அம்மா திருமதி பரிமளகாந்தி அவர்களுக்கு,

நவரட்ணராஜா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், மனைவி கமலாசனியும், உங்கள் மருமகளாகிய எங்கள் மகள் பிரியாந்தினியும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான பேரனும் கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் நீங்களும் உங்கள் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். கையெழுத்து வழக்கத்தைவிடக் கோணலாக இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். நின்றுகொண்டு எழுதுகிறேன். புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு நின்றுகொண்டு எழுதுவது புதிதல்ல. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

வாட்ஸ்அப்பில் நாலு சொல் பேசி அனுப்பியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பிரியாந்தினியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் முக்கியமான விஷயத்தை வாயால் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று என் உத்தியோகம் எனக்குப் படிப்பித்திருக்கிறது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டி வந்துவிடும். ஆகவே எழுத்தில் தருகிறேன். விஷயம் இதுதான்: வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் சிரமப்பட்டுக் கண்டிக்கு வந்து பிரியாந்தினியையும் பேரனையும் கோண்டாவிலுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. உடுப்பெல்லாம் காய்ந்துவிட்டது.

அன்றைக்கு நீங்கள் வீடியோவில் பேரனைப் பார்க்க அழைத்தபோது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவன் நான்தான். எனக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று யோசிக்கவில்லை. நீங்கள் பிள்ளையைக் கொஞ்ச நேரம் கொஞ்சினீர்கள், பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்ன அண்ணை, வீட்டிலை கலியாணமோ? தோரணமெல்லாம் கட்டியிருக்கு" என்று கேட்டீர்கள். தோரணம் இல்லை, அது பேரனுக்கு இடுப்பில் கட்டும் நப்கின் துணி. கதிரைகளின் முதுகில், அலுமாரிக் கதவில், மின்விசிறியின் இதழ்களில், நான் ஓய்வு பெற்றபோது சக ஊழியர்கள் தந்த மணிக்கூட்டின் தலையில், எங்கெல்லாம் ஒரு விளிம்பு இருந்ததோ அங்கெல்லாம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "அந்த மூலையிலை தொங்கிறதிலை பூஞ்சணம் எல்லோ பிடிச்சிருக்கு! பிள்ளைக்குச் சளி பிடிக்கப்போகுது. இஞ்சை எறிக்கிற வெயிலுக்கு விரிச்சுப்போட்டிட்டு உள்ளை வந்து திரும்பிப் பாக்க முதல் காய்ஞ்சிடும். நான் வாற வெள்ளி வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்றீர்கள். அம்மா, இவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு, உள்ளங்கை அகலக் கைப்பேசிக்குள்ளால், எங்கள் வீட்டு மூலையில் இருந்த பூஞ்சணத்தைக் கண்டுபிடித்த உங்கள் கண்ணை நான் இன்றுவரை மெச்சிக்கொண்டிருக்கிறேன். தண்டவாளம் பார்வையிட எங்கள் பகுதியில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் மலைநாட்டுப் பாதையில் ஒரு பெட்டிகூடத் தடம் புரண்டிருக்காது. ஒன்றை மட்டும் பணிவாகச் சொல்ல வேண்டும். பம்பர்ஸ் கட்டினால் பிள்ளைக்கு அவியும், பருத்தித் துணிதான் கட்ட வேண்டும் என்ற உங்கள் கட்டளையை இந்த வீட்டில் ஒருவரும் மீறவில்லை. மீறாததால் வந்த நிலைமைதான் நீங்கள் பார்த்தது.

கண்டி மழையை உங்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். உங்கள் ஊரில் மழை வந்தால் வந்தது என்று தெரியும், போனால் போனது என்று தெரியும். இங்கே அது விருந்தாளி மாதிரி வந்து, போறேன் போறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலிலேயே நிற்கும். அந்த அழைப்புக்குப் பிறகு கமலாசனி ஒரு நப்கினையும் ஈரமாக விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். ஒவ்வொன்றாக இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தாள், சோற்றுப் பானையின் மூடிமேல் விரித்தாள், ஒருநாள் என் தலையைத் துவட்டும் இயந்திரத்தைப் பிடித்து ஊதினாள். எனக்குத் துவட்ட அதிகம் இல்லாததால் அந்த இயந்திரம் அன்றைக்குத்தான் முழுமனதாக வேலை செய்தது. "கொஞ்சம் இரன்" என்று சொன்னேன். "உங்களுக்கென்ன? பிள்ளையைக் கொண்டுபோனா நீங்கள் பேப்பர் வாசிப்பியள். நான் ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்றாள். இப்படி ஒரு பெண்ணை மனைவியாகப் பெற்றதற்கு நான் பெருமைப்படுகிறேன். பேப்பர் வாசிப்பேன் என்று சொன்னதுதான் கொஞ்சம் மனத்தில் தைத்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மக்கீன் ஹாஜியாரும் மனைவி ஹபீலாவும் வட்டிலப்பத்துடன் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள். மடவளையைச் சேர்ந்த அருமையான மனிதர், டவுனில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறார். உள்ளே வந்தவர் நப்கின்களை விலக்கிக்கொண்டு வந்துதான் என்னைக் கண்டுபிடித்தார். "ஐயா, இதுக்கு மெஷின் ஈக்கிது. நீங்க யோசிக்காதீங்க. ஆனா மெஷினப் பாத்திட்டு வீட்ட மாத்தேலா, மொதல்ல வீட்டப் பாப்பம்" என்று எழுந்து ஒவ்வொரு அறையாகப் போனார். வெளிச்சுவர் எந்தப் பக்கம், யன்னல் எங்கே, வயர் பழசா புதுசா, ஒரு நாளைக்கு எத்தனை துணி, கதவு எந்தக் கைப்பக்கம் திறக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு அளந்தார். உண்மையைச் சொல்கிறேன், உங்கள் மகன் ரிஷிகேசனைப் பேசி வந்தபோதுகூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை. சாதகம் பொருந்தியது, உத்தியோகத்தைக் கேட்டோம், சரி என்றோம். கிடைத்தது தங்கமான பிள்ளை, அது எங்கள் அதிர்ஷ்டம். இயந்திரத்தில் அப்படி அதிர்ஷ்டத்தை நம்பக்கூடாது என்பது ஹாஜியாரின் கட்சி.

துணி உலர்த்தும் இயந்திரத்தில் மூன்று வகை இருக்கிறதாம். முதலாவது, ஈரமான சூட்டுக் காற்றை ஒரு குழாயால் வீட்டுக்கு வெளியே தள்ளும். இரண்டாவது, அந்த ஈரத்தைத் தண்ணீராக்கித் தனக்குள் ஒரு தொட்டியில் பிடித்து வைக்கும். மூன்றாவதற்கு ஹீட் பம்ப் என்று பெயர். உள்ளே உள்ள சூட்டையே திரும்பத் திரும்பப் பாவித்து, அவசரப்படாமல், குறைந்த மின்சாரத்தில் காயவைக்கும். டோஹாவில் வேலை செய்துகொண்டிருக்கும் நம் ரிஷிகேசன் போனிலேயே, "மாமா, மூண்டாவதை எடுங்கோ" என்று சொல்லிவிட்டார். மருமகனின் புத்தியே புத்தி. அதை அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் சிக்னல் இறக்குகிற பழக்கம் எனக்கு இல்லை. ஹாஜியார் கடையில் காட்சிக்கு வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தந்து, "பாவிச்சுப் பாருங்க, புடிச்சத வைங்க, மத்தத நான் எடுக்கிறன்" என்றார். இப்படி யார் செய்வார்கள்?

முதலாவது இயந்திரத்தின் குழாயைக் குசினியின் பின் யன்னலால் காட்டுப் பக்கம் பார்த்து வெளியே விட்டோம். அம்மா, என்ன வேகம்! முதல் நப்கினைக் கையில் எடுத்த கமலாசனி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வெயில் மாதிரி இருக்கு" என்று கண் கலங்கினாள். அந்த வெயிலை எங்களுக்கு முதலே குரங்குகள் கண்டுபிடித்துவிட்டன. மேலே காட்டிலிருந்து மழையில் நனைந்து வந்த ஒன்று குழாய்க்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டிச் சூடு காய்ந்தது. பிறகு போய்ச் சொந்தபந்தம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் நடுவில், குட்டி வைத்திருக்கும் தாய்மார் குழாய்க்குக் கிட்ட, இளவட்டங்கள் பின்னால் என்று அவை உட்கார்ந்த ஒழுங்கை நான் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒருநாளும் கண்டதில்லை. இயந்திரம் நின்றால் யன்னலில் தட்டும். கமலாசனி மனம் கேளாமல், துவைக்க ஒன்றும் இல்லாத நேரத்திலும் காய்ந்த துவாயைப் போட்டு ஓடவிட்டாள், "குட்டியோடை இருக்கிறதுகள், பாவம்" என்று. கடைசியில் பெரியவருக்கு இந்தச் சூட்டை வீட்டுக்கே கொண்டுபோனால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். குழாயைப் பிடுங்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பலாமரத்தில் ஏறிவிட்டார். வெளியே போக வேண்டிய ஆவியெல்லாம் குசினிக்குள் வந்தது. உப்பு கரைந்து தண்ணீராயிற்று, அப்பளம் துணியாயிற்று, சுவரில் இருந்த நாட்காட்டியில் முருகன் சுருண்டு வள்ளிமேல் சாய்ந்தார். இயந்திரத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. காட்டோரத்து வீட்டுக்கு அது ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

இரண்டாவதற்குக் குழாய் இல்லை. அதை நடையில், நான் பேப்பர் வாசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். அது ஓடத் தொடங்கினால் அந்த இடம் உங்கள் ஊர்ச் சித்திரை மாதம் ஆகிவிடும். கம்பளிச் சட்டையைக் கழற்றினேன், பிறகு சட்டையைக் கழற்றினேன், அதற்கு மேல் கழற்றினால் மரியாதை இல்லை என்று இருந்தேன். அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைத்தான் சொல்ல வேண்டும். கமலாசனி புங்குடுதீவில் பிறந்தவள், நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த ஊர். இத்தனை வருடம் கண்டியில் மழைக்குள் இருந்தும் ஒரு செம்புத் தண்ணீரை வீணாக ஊற்ற அவள் கை வராது. "கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச தண்ணி, இதை ஊத்துறதோ?" என்று போத்தல் போத்தலாகப் பிடித்து, செடிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் என்று யன்னல் ஓரம் அடுக்கி வைத்தாள். சித்திரை வெயிலில் இருந்தவனுக்குத் தாகம் எடுக்குமா இல்லையா? ஒரு போத்தலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். லேசாகக் குழந்தைச் சவர்க்கார வாசம் வந்தது. "ஐயோ, அது பேரன்ரை நப்கின் தண்ணியெல்லோ!" என்று கமலாசனி ஓடி வந்தாள். சொந்தப் பேரனுடையது, ருசியில் குறை சொல்லமாட்டேன். முதல்நாள் மின்மானி வாசிக்க வந்த சிங்களப் பெடியனுக்கும் அதே வரிசையிலிருந்து ஒரு கிளாஸ் கொடுத்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவரும் "ஹொந்த வத்துர" என்று, நல்ல தண்ணீர் என்று பாராட்டிவிட்டுத்தான் போனார். ஆனாலும் இந்த வீட்டில் அந்த இயந்திரம் இருந்தால் தண்ணீரைக் கமலாசனி ஊற்றமாட்டாள், நான் குடித்துக்கொண்டே இருப்பேன் என்று ஹாஜியாரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

இனி மூன்றாவது. இதைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. அவசரம் இல்லை, அனல் இல்லை, நடை சூடாகவில்லை, வயர் சூடாகவில்லை. தண்ணீரை ஒரு சின்னக் குழாயால் நேரே வடிகானுக்கு விட ஹாஜியார் ஆள் வைத்து ஒழுங்கு செய்துவிட்டார், ஆகவே கமலாசனியின் கண்ணில் படாது. பருத்தித் துணி சுருங்கவில்லை, மெத்தென்று வருகிறது. கொஞ்சம் நேரம் எடுக்கும்தான். எடுக்கட்டும், ஓய்வு பெற்ற வீட்டில் நேரத்துக்கு என்ன பஞ்சம்? மெல்லிய சூடு, பதமான சூடு, மாசி மாதத்து யாழ்ப்பாண வெயில் என்றே சொல்லலாம். கமலாசனிக்கும் பல தடவை அப்படித்தான் சொல்லிப் புகழ்ந்தேன். அது சுற்றுகிற சத்தம் நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் வண்டி தூரத்தில் போவது போல் இருக்கும். அந்தச் சத்தத்தில் பேரன் அயர்ந்து தூங்குகிறான். கதிரைகளின் முதுகு வெறுமையாக இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, மணிக்கூட்டில் நேரம் தெரிகிறது. இந்த இயந்திரத்தில் எவ்விதக் குறையும் இல்லை, எவ்வித அசம்பாவிதமும் இதுவரை நடக்கவில்லை என்று பொறுப்புள்ள பதவியில் இருந்தவன் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன்.

ஆகவே, சளி, பூஞ்சணம், ஈரம் என்று நீங்கள் எடுத்துச் சொன்ன காரணங்கள் முழுவதும் நீங்கிவிட்டன. வெள்ளிக்கிழமைப் பயணத்தை நீங்கள் தாராளமாகக் கைவிடலாம். உங்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. கமலாசனி உங்களுக்கென்று தன் கையாலேயே ஒரு சாமான் செய்து வைத்திருக்கிறாள், பொதியில் அனுப்புவோம். என்ன சாமான் என்று இப்போது சொல்லமாட்டேன்.

பெரியவரான உங்கள் ஆசி எங்கள் பேரனுக்கு எந்த ஊரில் இருந்தாலும் வந்து சேரும் என்ற நம்பிக்கையோடும், உங்கள் வீட்டு முற்றத்துக்கும் அதில் எறிக்கும் வெயிலுக்கும் எங்கள் விசாரிப்புகளோடும் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
க. நவரட்ணராஜா
ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கமலாசனி வாங்கி வாசித்தாள். "நிண்டுகொண்டு எழுதிறன் எண்டு எழுதிப்போட்டு, ஏன் எண்டு எழுதாமல் விட்டா சம்பந்தி கேக்கமாட்டாவோ? உள்ளதை எழுதுங்கோ" என்று கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

கலியாண வீட்டில் நீங்கள், "கண்டியிலை இருக்கிறவைக்கு மோர்மிளகாய் கடையிலைதான், அங்கை எங்கை வெயில்?" என்று சிரித்துக்கொண்டு சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும். கமலாசனிக்கு மறக்கவில்லை. அந்தச் சாமான் அதுதான். உங்களுக்காகப் பிஞ்சு மிளகாய் பார்த்து வாங்கி, கீறி, மோரிலும் உப்பிலும் ஊறவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் அசையவில்லை. மாசி மாதத்து வெயில் நடையில் நிற்கிறது என்று நான் வேறு வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊறிய மிளகாயைத் தலையணை உறையில் போட்டு, வாயைத் தைத்து, இயந்திரத்துக்குள் வைத்துச் சுற்றவிட்டுவிட்டாள். தையல் பாதி வழியில் விட்டுவிட்டது. முதலில் நாங்கள் தும்மினோம், பிறகு பக்கத்து வீட்டில் ஹாஜியார் தும்மினார், பிறகு பலாமரம் தும்மியது. நல்ல வேளையாகப் பிரியாந்தினி பிள்ளையுடன் கிளினிக்குக்குப் போயிருந்தாள். திரும்பி வர முதல் யன்னலெல்லாம் திறந்துவிட்டோம். மிளகாயில் பாதி அருமையாகக் காய்ந்து வந்தது. மீதியின் விதை இயந்திரத்தின் ஒவ்வொரு துளைக்குள்ளும் போயிருந்தது. கமலாசனி ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஆனாலும் பிள்ளையின் துணியை நம்பிப் போட மனம் வராமல், முதலில் என் சாரத்தையும் உள்ளுடுப்பையும் போட்டுச் சோதித்தாள். எனக்குச் சொல்லவில்லை, அவள் முன்யோசனையை இப்போதும் மெச்சுகிறேன். சோதனையின் முடிவு, நான் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

ஆகவே மேலே எழுதியதில் உறுதிப்படுத்திய பகுதியைத் தயவுசெய்து தள்ளி வாசிக்கவும். ஹாஜியாரின் ஆட்கள் வந்து கழற்றிக் கழுவித் தரும்வரை இயந்திரம் மூடிக் கிடக்கிறது. நப்கின்கள் மறுபடியும் கதிரையிலும் அலுமாரியிலும் மணிக்கூட்டிலும் தொங்குகின்றன. நேரம் தெரியவில்லை. பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த காரணங்கள் எல்லாம் போய்விட்டன. துணி காய்ந்தால் பிள்ளை இங்கேயே இருக்கும் என்று நானே என்னை நம்பவைத்துக்கொண்டு மூன்று இயந்திரம் பார்த்தேன், அம்மா. காலையில் அவன்தான் என் மூக்கைப் பிடித்து இழுத்து எழுப்புகிறான். அவன் போய்விட்டால் நான் எதற்காக எழும்புவது? அதற்குப் பேப்பர் போதாது.

இதை வாசித்துவிட்டுக் கமலாசனி, "அவவுக்கும் அதுதானே. மகனும் வெளியிலை. தனி வீட்டிலை வெயிலை மட்டும் வச்சுக்கொண்டு அவ என்ன செய்யிறது?" என்றாள். எனக்கு இது முதலே தோன்றாதது பெரிய குறைதான். ஆகவே வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். பஸ்ஸில் வந்தாலும் மன்னிப்பேன். வருவதற்கு மட்டும் ரிக்கற் எடுங்கள், திரும்பிப் போவதை மார்கழியில் ரிஷிகேசன் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். தோரணம் கட்டித்தான் இருக்கிறது. மோர்மிளகாய் நல்ல உறைப்பு, நானே சாட்சி. யன்னலோரக் கதிரையை உங்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். இப்போதைக்கு அது எனக்குத் தேவைப்படாது.